படியளப்பது யார்?

"மேலே இருக்கிறவன் படியளக்கிறான்" என்பது நம் பக்கத்து ஜனங்கள் வாயில் நாள் தவறாமல் வருகிற பேச்சு. சோறு கிடைத்தால் அவன் அளந்தான் என்பார்கள். கிடைக்காவிட்டால் நமக்கு அவன் அளந்தது இவ்வளவுதான் என்று வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். திருவேங்கடத்தில் இந்தப் பேச்சுக்குச் செல்வாக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். ஊரின் பெயரே ஏழுமலையானுடைய மலையின் பெயர். ஆகவே படியளக்கிற ஆசாமி ஏதோ அடுத்த வீட்டுக்காரர் என்பது போல இங்குள்ள பெரியவர்கள் பேசுவதுண்டு. அதற்காக நாம் அவர்களைக் கோபிக்கப் போவதில்லை. ஒரு கணக்குத்தான் கேட்கிறோம். அளக்கிறவர் கையில் இருக்கும் படி யாருடைய படி? அதில் விழுகிற அரிசி எங்கே விளைந்தது? மூட்டை கட்டினவர் யார், கப்பலேற்றினவர் யார், விலை வைத்தவர் யார், கதவை அடைத்தவர் யார்? இந்தக் கணக்கைத் தேடிக்கொண்டு போனால் வழி நெடுக மனிதர்கள்தான் தென்படுகிறார்களே ஒழிய வேறு யாரையும் காணோம்.

முதலில் நம் ஊரையே எடுத்துக்கொள்ளுவோம். திருவேங்கடத்தைச் சுற்றியிருப்பது கரிசல் காடு. மழையை நம்பின மானாவாரி. பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய் என்று விளைகிறதே தவிர, குளத்துப் பாசனமுள்ள கொஞ்ச இடம் போக, இது நெல்லுக்கான பூமியல்ல. நம் பாட்டன் பாட்டிமார் கம்பங்கூழும் சோளச்சோறும் குதிரைவாலிக் கஞ்சியும் குடித்து வளர்ந்தவர்கள். நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கண்ணில் படுகிற பண்டம். அதே காலத்தில் மேற்கே தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலும், தெற்கே தாமிரபரணிக் கரையிலும் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைந்தது. அந்த நஞ்சை யார் கையில் இருந்தது? ராஜாக்கள் சதுர்வேதிமங்கலம் என்று சாசனம் எழுதிக்கொடுத்த பிராமணர் கையிலும், கோவில், மடங்களின் கையிலும், பெரிய மிராசுதாரர் கையிலும் இருந்தது. சேற்றில் இறங்கி நட்டவளுக்கும், குனிந்து அறுத்தவனுக்கும் களத்தில் அளந்து போட்ட கூலி நெல்தான் சொந்தம். அந்தக் கூலிக்குப் பெயரே படி. பண்ணையார் படியளக்கிறார் என்ற சொல்தான் ஏணி வைத்து ஏறிப்போய்ப் பகவான் படியளக்கிறார் என்று ஆயிற்றோ என்று நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. கீழே அளந்தவரைக் கேள்வி கேட்காதிருக்க, மேலே ஒருவரைக் காட்டுவது போல வசதியான ஏற்பாடு வேறில்லை.

இன்றைக்கு அதே கரிசல் காட்டில், பருத்தி எடுக்கப் போகிறவரும் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவரும் மூன்று வேளையும் அரிசிச் சோறு சாப்பிடுகிறார்கள். அரிசி அட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு, ரேஷன் கடையில் குடும்பத்துக்குத் தக்கபடி மாதாமாதம் அரிசி அளக்கப்படுகிறது. 2008இல் கிலோ ஒரு ரூபாயாக இருந்தது. 2011 ஜூன் முதல் விலையே இல்லை. நெல் விளையாத ஊரில், காசில்லாதவன் வீட்டில், ஜாதி கேட்காமல் அரிசி வந்து இறங்குகிறது. எந்த அவதாரமும் இதைச் செய்யவில்லை. ஓட்டுப் போட்டவர்களுக்குப் பயந்து சர்க்கார் செய்தது.

ஆனால், தோழர்களே, மனிதன் அளக்கிறான் என்பதில் ஒரு சந்தோஷம் இருப்பது போலவே ஒரு ஆபத்தும் இருக்கிறது. அவன் அளக்கவும் செய்வான், நிறுத்தவும் செய்வான்.

இதற்குப் பழைய சாட்சியம் ஒன்று இருக்கிறது. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். டெம்பிள் என்றால் கோவில் என்று அர்த்தம். 1873-74இல் பீகாரில் மழை பொய்த்துப் பஞ்சம் தலைகாட்டியபோது இவர் பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அளவுக்கு அரிசியைக் கப்பலில் வரவழைத்து ஜனங்களுக்குக் கொடுத்தார். பட்டினிச் சாவு அநேகமாக இல்லை என்று சொல்லுமளவுக்கு அந்தப் பஞ்சம் கடந்துபோயிற்று. மேலிடத்தார் மாலை போட்டிருக்க வேண்டுமல்லவா? இல்லை. பணத்தை வாரியிறைத்துவிட்டார் என்று கண்டித்தார்கள். மனிதர் பாடம் படித்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து, தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, செலவைக் குறைக்கவென்று இதே டெம்பிளை இங்கே அனுப்பினார்கள். 1877 ஜனவரியில் டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் விருந்து நடத்திக்கொண்டிருந்தார். இங்கே டெம்பிள், கல்லுடைத்து மண் சுமக்கும் பஞ்சக் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அளந்தார். சென்னை சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்பவர், இது வேலை செய்கிறவனைக் கொல்லுகிற அளவு என்று சண்டை போட்டார். சில மாதங்கள் கழித்து அளவை உயர்த்தினார்கள். அதற்குள் போனவர் போய்விட்டார்கள். சென்னை, மைசூர், பம்பாய் பக்கங்களில் அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

பீகாரில் மழை பொய்த்தது, சென்னையிலும் பொய்த்தது. பீகாரில் கும்பிட்ட சாமிகளைத்தான் இங்கேயும் கும்பிட்டார்கள். அதிகாரியும் அதே அதிகாரி. மாறினது கையிலிருந்த படி ஒன்றுதான்.

நிற்க, பர்மா என்றோம். அதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். யுத்தத்துக்கு முன் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. வருஷத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் டன் வெளியே போயிற்று. அதில் பாதியளவு இந்தியாவுக்கே வந்தது. ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி வயலாக்கின பர்மியக் குடியானவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் நம் செட்டிநாட்டு நகரத்தார். ரங்கூன் முகல் தெருவிலிருந்த அவர்களது கோவிலில் மாதாமாதம் கூடித்தான் வட்டி விகிதத்தை முடிவு செய்வார்கள். சாமி முன்னிலையில் நிர்ணயமான வட்டி! 1930இல் உலக வியாபாரம் முடங்கி நெல் விலை சரிந்தது. குடியானவனால் கடனைக் கட்ட முடியவில்லை. முக்கியமான நெல் ஜில்லாக்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார்கள் நிலம், 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்தாகப் பெருகிவிட்டது. இதில் அவர்களைத் தனியாகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நிலம் வேண்டுமென்று அவர்கள் போகவில்லை, கடன் திரும்பவில்லை என்பதால் நிலத்தைப் பிடித்தார்கள். பின்னால் அந்த நிலமும் போயிற்று. ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் சரிந்த விலை, ஐராவதிக் கரைக் குடியானவனை ஒரே வெள்ளாமையில் கூலியாளாக்கிவிட்டதே, அதை எந்த ஜோசியர் முன்கூட்டிச் சொன்னார்?

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடும் என்று வங்காளக் கரையில் படகுகளையும் நெல்லையும் சர்க்காரே அப்புறப்படுத்தியது. புயலும் அடித்தது. மாகாணத்துக்கு மாகாணம் கதவைச் சாத்திக்கொண்டது. விலை ஏறும் என்று தெரிந்தவர்கள் பதுக்கினார்கள். கப்பல் வேண்டுமென்று கேட்டபோது லண்டன் மந்திரி சபை கையை விரித்தது. 1943இல் வங்காளத்தில் மாண்டவர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை. அந்த வருஷத்து அரிசி, பஞ்சமில்லாத 1941ஆம் வருஷத்து அரிசியை விடக் குறைவல்ல என்று அமர்த்தியா சென் பிற்காலத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அரிசி இருந்தது, வாங்கக் காசில்லை. கல்கத்தாத் தெருவில் விழுந்தவர்கள் பெரும்பாலும் நாட்டுப்புறத்துக் கூலிகள், மீன்பிடிப்பவர்கள், நெல் குத்திப் பிழைத்த பெண்கள்.

வங்காளம் தூரம் என்று சொல்லுகிறவர்களுக்கு நம் வாசல்படிக் கதை ஒன்று உண்டு. இன்றைய தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் வரை மலையாள ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ஊர். அந்தத் திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பர்மா அரிசி நின்றதும் ஆலப்புழை, சேர்த்தலைப் பக்கத்துக் கயிறு திரிக்கும் தொழிலாளிகள் பட்டினியாலும், பட்டினியோடு வந்த நோயாலும் மடிந்தார்கள். சமஸ்தானத்தின் ராஜா தம்மைப் பத்மநாபனுடைய தாசர் என்று சொல்லிக்கொண்டு ஆண்டவர். அந்தப் பத்மநாபன் கோவில் நிலவறைகளை 2011 ஜூனில் கோர்ட்டு உத்தரவுப்படி திறந்து பார்த்தபோது கிடைத்த தங்கமும் கல்லும் ஒரு லட்சம் கோடி ரூபாய் பெறும் என்று பத்திரிகைகள் எழுதின. சேர்த்தலையில் கஞ்சிக்கில்லாமல் செத்த நாளில் அந்தத் தங்கம் பூமிக்குள் பத்திரமாக இருந்தது. அது யாருக்குப் படியளந்தது?

அளக்கிறவன் மனிதன்தான் என்று ஜனங்கள் தெரிந்துகொண்ட இடங்களில் நடந்ததே வேறு. இலங்கையில் ரேஷன் அரிசியை கொத்து என்ற அளவில் கொடுப்பார்கள், இரண்டு ராத்தல் கொண்டது. 1953இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஆகஸ்டு 12ந் தேதி ஹர்த்தால். ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். மந்திரிமார் துறைமுகத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார யுத்தக் கப்பலில் ஏறிக்கொண்டு கூட்டம் போட்டார்கள். அக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா ராஜினாமாச் செய்தார். நம் நாட்டில் 1967இல் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற பேச்சு காங்கிரஸ் ஆட்சியை இறக்கியதை வாசகர்கள் அறிவார்கள். மூன்று படி வரவில்லை. ஒரு படியும் சென்னை, கோவையோடு நின்றது. ஆனாலும் படியைக் கோவிலில் கேட்காமல் தேர்தலில் கேட்கலாம் என்று தமிழன் தெரிந்துகொண்டது அதில்தான். ஜப்பானில் 2025இல் அரிசி விலை இரட்டிப்பான சமயத்தில், அந்நாட்டு விவசாய மந்திரி, தாம் அரிசி விலைகொடுத்து வாங்கினதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுப்பது வீட்டில் குவிந்து கிடக்கிறது என்ற அர்த்தத்தில் ஒரு கூட்டத்தில் பேசினார். மே மாதத்தில் அவர் வேலை போயிற்று. நம் ஊரில் இப்படிப் பேசினால் "பாக்கியவான்" என்று சொல்லியிருப்பார்கள்.

இனி உலகச் சந்தைக்கு வருவோம். உலகத்தில் வருஷத்துக்கு விளைகிற அரிசி 50 கோடி டன்னுக்கு மேல். அதில் பாதிக்கு மேல் சீனமும் இந்தியாவும் மட்டுமே விளைவிக்கின்றன. விளைகிற நாட்டிலேயே பெரும்பகுதி தின்று தீர்ந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்குதான் எல்லை தாண்டி விற்பனைக்குப் போகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவின் அரிசி. மீதி தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான் முதலியவை. ஆகவே டில்லியில் ஒருவர் பேனாவைத் திறந்தால் ஆப்பிரிக்காவில் ஒரு அடுப்பு அணைகிறது.

இது அலங்காரப் பேச்சல்ல. நம் வீடுகளில் குருணையைக் கோழிக்குப் போடுவோம். இல்லாதவர்கள் கஞ்சி வைப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்ற நாட்டில் குருணைதான் விருந்துச் சோறு. பிரெஞ்சுக்காரன் தான் ஆண்ட இந்தோசீனத்து ஆலைகளில் கழிந்த குருணையைத் தான் ஆண்ட செனகலுக்கு ஏற்றி விற்றான். தின்று பழகினவர்கள் அதிலேயே ருசி கண்டு, மீனும் காய்கறியும் சேர்த்து அதையே தேசிய உணவாக்கிக்கொண்டார்கள். 2022 செப்டம்பரில் இந்திய சர்க்கார் குருணை ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலை 20ந் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியையும் நிறுத்தியது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீதம் வரி போட்டது. அந்த ஆகஸ்டில் தாய்லாந்து அரிசி டன் 600 டாலருக்கு மேல் ஏறியது. அமெரிக்காவிலிருக்கும் நம்மவர்கள் கடைகளில் மூட்டை மூட்டையாக வாங்கி மோட்டாரில் ஏற்றின படங்களைப் பார்த்தோம். அவர்களுக்கு வாங்கக் காசிருந்தது. பெனினிலும் செனகலிலும் கூலிக்காரன் என்ன செய்தான் என்பதற்குப் படம் வரவில்லை.

தடை போட்டது தப்பா? தன் ஜனங்களுக்குச் சோறு உண்டா என்று முதலில் பார்ப்பது சர்க்காரின் கடமை என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. 1877இலும் 1943இலும் அந்தக் கடமையை யாராவது செய்திருந்தால் போதும் என்றுதான் சொல்லுவோம். நம் ஆட்சேபம் வேறு. ராத்திரியோடு ராத்திரியாகக் கதவைச் சாத்தினால் சாப்பிடுகிற ஏழைக்கும் விளைவிக்கிற ஏழைக்கும் சேர்ந்து அடி விழுகிறது. 2023இல் வெளியில் விலை ஏறினபோது ஏற்றுமதியில்லை, ஆகவே அந்த ஏற்றம் நம் குடியானவன் களத்துக்கு வரவில்லை. 2024 செப்டம்பரில் தடையை எடுத்தார்கள். இந்திய அரிசி வெள்ளமாகப் போய், 2025இல் தாய்லாந்து அரிசி டன் 400 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த இறக்கம் மட்டும் தவறாமல் எல்லா நாட்டுக் குடியானவன் களத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஆதார விலை இருக்கிறதே என்பார்கள். 2025-26க்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்தது குவிண்டால் 2,369 ரூபாய். காகிதத்தில் நல்ல விலைதான். கொள்முதல் நிலையம் அறுப்புக்கு முன்னால் திறந்தால், நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருந்தால், சாக்கு வந்தால், லாரி வந்தால், மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிற கை நீளாமலிருந்தால் அந்த விலை கிடைக்கும். இல்லாவிட்டால் மழையில் முளைவிட்ட நெல்லைப் பார்த்துக்கொண்டு வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. 2023இல் அரிசி போதாது என்று ஏற்றுமதியை நிறுத்தினபோது, பெட்ரோலில் கலக்க எத்தனால் காய்ச்சும் ஆலைகளுக்கும் உணவுக் கழகத்து அரிசியை நிறுத்தினார்கள். 2025இல் கிடங்கு நிரம்பி வழிகிறது என்று பல லட்சம் டன் அரிசியைக் கிலோ இருபத்திரண்டரை ரூபாய்க்கு அதே ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள். வண்டிக்குப் படியளக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தி வைத்தால் செத்துப்போகாது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம்.

கரிசல் காட்டுக்காரன் நிலை இதில் இன்னும் விசித்திரமானது. அவன் விற்கிற பருத்திக்கும், கோழித் தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளத்துக்கும் விலை வைப்பது அவனல்ல. அவன் சாப்பிடுகிற அரிசிக்கு அளவு வைப்பதும் அவனல்ல. விற்கிற தராசும் வாங்குகிற தராசும் பிறத்தியார் கையில். அந்த இலவச அரிசியிலும் ஒரு பகுதி தரகர் கைக்குப் போய், புளியரைச் சாவடி வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்படுகிறபோது பிடிபட்டது என்ற செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம்.

இவ்வளவு நடக்கும்போது நம் ஜனங்கள் எதைக் கண்டு பதறுகிறார்கள்? ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறதாம்! தண்ணீரில் மிதக்கிறதாம், உருட்டிப் போட்டால் பந்து மாதிரி எழும்புகிறதாம்! அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவோடு இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் பி12 என்ற சத்தும் சேர்த்து அரிசி வடிவத்தில் செய்து, நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கலந்தார்கள். ரத்தச் சோகைக்காகச் செய்த ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இதைக் கொடுக்கலாமா என்று வைத்தியர்களுக்குள் விவாதம் உண்டு, அதைக் கேளுங்கள், நியாயம். பொறுக்கியெடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு எடையில் அரைக்கிலோ குறைந்ததைக் கேட்காமல் வருவது எந்தப் புத்தியில் சேர்த்தி?

புத்தி என்றதும் ஒன்று நினைவு வருகிறது. 1966இல் பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஐ.ஆர்.8 என்ற நெல்லைக் கண்டுபிடித்தார்கள். பீட்டா என்ற இந்தோனேசிய நெட்டை நெல்லையும், தைவான் நாட்டுக் குள்ள நெல்லையும் கலந்து உண்டாக்கியது. ஜாதகம் பார்க்கவில்லை, கோத்திரம் விசாரிக்கவில்லை, புரோகிதர் வரவில்லை. பிறந்த பிள்ளை ஆசியா பூராவுக்கும் சோறு போட்டது. நம் பக்கத்து அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையமும் அம்பை 16 போன்ற ரகங்களை இவ்விதக் கலப்பினால்தான் கொடுத்தது. உரமும் மருந்தும் தண்ணீரும் அதிகம் கேட்கிற சங்கடம் அந்தப் பரம்பரைக்கு உண்டு. அதையும் மனிதன்தான் தீர்க்க வேண்டும்.

ஆகவே, புரட்டாசிச் சனிக்கிழமை விரதமிருக்க விரும்புகிறவர்கள் இருந்துகொள்ளட்டும். மற்ற நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரேஷன் கடையை ஊர் ஜனங்களே தணிக்கை செய்யலாமென்றும், கண்காணிப்புக் கமிட்டி வேண்டுமென்றும் எழுதியிருக்கிறது. கடைப் பலகையில் இருப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்காத சாமானுக்கு வாங்கியதாகக் கைப்பேசியில் செய்தி வந்தால் மறுநாளே எழுதிப் புகார் கொடுங்கள். சுற்றியுள்ள கிராமத்தார் வருகிற கிராம சபையில், போன மாதம் நம் கடைக்கு எத்தனை மூட்டை வந்தது, எத்தனை அட்டைக்குப் போயிற்று, கண்காணிப்புக் கமிட்டியில் யார் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று எழுந்து கேளுங்கள். பெண்கள் முதலில் கேட்டால் இன்னும் நல்லது. கடை வாசலில் நிற்கிறவர்கள் அவர்கள்தான். கேட்டதையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதினதைப் படிக்கச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.